கடல் வழியா, வான் வழியா?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சமயமுமன்று, இலக்கியமுமன்று. நமது மாத்தளைப் பண்டங்கள் இங்கிலாந்துக்குச் செல்வதாயின், கப்பலிற் செல்வது நன்றா, விமானத்திற் செல்வது நன்றா என்பதே அது. இது வியாபாரிகளின் பாடு என்று வாலிபர்கள் ஒதுங்கிவிடலாகாது. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ ஆகியன விளையும் மண் நம்முடையது. ஆனால் அவற்றை விளைவிப்பவன் கைக்கு வரும் விலைக்கும், இலண்டன் கடையில் அவை விற்கும் விலைக்கும் இடையே பலர் நிற்கின்றனர். அந்த இடத்தில் நம் வாலிபர்களே ஏன் நிற்கலாகாது? நிற்க விரும்புவோர் முதலிற் கற்கவேண்டியது கூலிக் கணக்கு.

கடல் வாணிபம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்து உணவு வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பிற்காலத்தில், 1875 இல் கொழும்பில் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. நம் மலைகளின் விளைபொருள் துறைமுகத்துக்குச் செல்லும் வழி இவ்வாறு எளிதாயிற்று. வான்வழியோ மிக இளையது. எயர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது 1947 டிசம்பரிலேதான்.

இன்றும் உலக வாணிபச் சரக்கில், அளவைக்கொண்டு பார்த்தால், நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டது கடல் வழியே செல்கின்றது. விமானத்திற் செல்வது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பெறுமதியைக்கொண்டு பார்த்தாலோ, விமானச் சரக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். பாரங் குறைந்து விலை மிகுந்த பொருளும், விரைவிற் கெடும் பொருளுமே வானேறுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். விமானக்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து, பெருக்கி, 6000 ஆல் வகுத்தால் ஒரு கிலோக் கணக்கு வரும். அதுவோ உண்மை நிறையோ, எது கூடியதோ அதற்கே கூலி. 60 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 40 உயரமுள்ள பெட்டியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடக்கணக்கு 20 கிலோ. அதனுள் 8 கிலோக் கீரையை வைத்தாலும் 20 கிலோவுக்கே கூலி கொடுக்கவேண்டும். அதே பெட்டியில் மிளகை நிரப்பினால் ஏறக்குறைய 60 கிலோ பிடிக்கும். அப்போது 60 கிலோவுக்கும் கூலி.

கப்பலில் வேறு முறை. பலருடைய சில்லறைச் சரக்கைச் சேர்த்து ஒரு கொள்கலத்தில் ஏற்றும்போது, ஒரு கன மீற்றர் அல்லது 1000 கிலோ, இவற்றுள் எது கூடுதலாக வருமோ அதற்குக் கூலி. ஒரு கன மீற்றருக்குக் குறைந்த சரக்கானாலும் பெரும்பாலும் முழுக் கன மீற்றருக்கே அறவிடுவர். ஆகையால் ஒரு பெட்டி மிளகு அனுப்புபவனும், அதே அளவான எட்டுப் பெட்டி, அதாவது 480 கிலோ, அனுப்புபவனும் ஒரே கப்பற் கூலி கொடுக்க நேரும். இதன்மேல் இரு கரையிலும் துறைமுகச் செலவு, பத்திரச் செலவு ஆகியனவும் உண்டு. ஒற்றைப் பெட்டிக்குக் கப்பல் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாதென்பதும், பத்துப்பேர் கூடி அனுப்பினாற் கப்பலே மலிவு என்பதும் இதனால் தெளிவு.

அடுத்தது காலம். கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் செல்லும் நேர் விமானத்துக்கு அரை நாளும் வேண்டாம். சுயெஸ் வழியே கப்பலுக்குச் சில வாரங்கள் வேண்டும். அவ்வழியும் எப்போதும் உறுதியன்று. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டது. 2023 இன் இறுதியிற் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், பல கம்பெனிகள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லலாயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. சரக்கு கடலில் நிற்கும் நாளெல்லாம் நம் முதலும் கடலிலே நிற்கின்றது. கடன்பட்டவனுக்கு வட்டி கரையிலே ஏறுகின்றது. மறுபுறம், வான்வழிக்கும் இடர் உண்டு. விமானச் சரக்கிற் பெரும்பங்கு பிரயாணிகளின் விமானங்களின் அடித்தட்டிற் செல்வது. 2020 இற் பிரயாண விமானங்கள் நின்றபோது விமானக் கூலி வெகுவாக ஏறிற்று.

பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. அது பத்திரம் பற்றியது. கப்பல் ஏற்றுச்சீட்டு வெறும் பற்றுச்சீட்டன்று. பிறருக்கு மாற்றத்தக்க மூலச்சீட்டாயின், அதை வைத்திருப்பவனே சரக்குக்கு உரியவன். வங்கி மூலம் அனுப்பினால், வாங்குபவர் பணம் கட்டும்வரை சீட்டு அவர் கைக்குப் போகாது. விமானச் சரக்குச் சீட்டுக்கு இந்த வலிமை இல்லை. அதில் யார் பெயர் எழுதப்பட்டுள்ளதோ அவர் போய்ச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். பணம் வந்ததா என்று விமானக்காரர் கேளார். ஆகவே அறியாதவருக்கு விமானத்தில் அனுப்புவோர் முன்பணம் பெறுதல் வேண்டும். இல்லையேல் வங்கியின் சம்மதத்தோடு வங்கியின் பெயருக்கே அனுப்புதல் வேண்டும்.

கப்பலில் அனுப்புவோர் காப்புறுதியை விடலாகாது. கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து மீட்கச் செய்த செலவிற் சரக்குடையவர்களும் பங்கு கொடுக்கவேண்டும் என்பது பழைய கடற் சட்டம். எவர் கிவன் கப்பலில் நடந்ததும் அதுவே. மிளகை நன்றாக உலர்த்துவதும் ஒரு காப்புறுதிதான். ஈரம் 12 சதவீதத்தளவில் நிற்காவிடின், பகல் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் கொள்கலத்துள் நீர் கோத்துச் சொட்டிப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சுருங்கக் கூறின், உலர்ந்ததும், பாரமானதும், பொறுத்திருக்கக் கூடியதும் கடல் வழியே செல்லட்டும். பசுமையானதும், விலை மிகுந்ததும், வாடிக்கைக்காரர் பார்த்து மதிக்கவேண்டிய மாதிரியும் வான் வழியே செல்லட்டும். தனித்தனியாகக் கப்பற் கூலி கேட்டால் நாம் சிறியவர்கள். பத்துத் தோட்டத்தார் கூடினால் ஒரு கன மீற்றர், இன்னும் பலர் கூடினால் ஒரு முழுக் கொள்கலம். இருபதடிக் கொள்கலமொன்று ஏறக்குறைய 33 கன மீற்றர் கொள்ளும். அதை நிரப்பப் போதிய மிளகு இம்மாவட்டத்தில் உண்டு. வேண்டியது ஒற்றுமையும் கணக்கறிவுமே. பெரியோர்கள் தோட்டத்தைத் தந்தார்கள். வாலிபர்கள் கணக்கைக் கற்றுக்கொள்வார்களாக.