தொடர்த் துண்டுகளை எண்ணும் முறை



கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பயில்வோர் முன் விரைவிலேயே வந்து நிற்கும் வினா ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். எண்கள் பல வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசையில் இடைவிடாது அடுத்தடுத்து நிற்கும் எண்களைக் கொண்ட பகுதியைத் தொடர்த் துண்டு என்போம். குறித்த ஒரு தொகையைத் தரும் தொடர்த் துண்டுகள் எத்தனை என்பதே வினா.

1, 2, 3, −3, 3 என்னும் ஐந்து எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொகை 3 ஆகும் துண்டுகளைக் காண வேண்டும். முதல் எண்ணில் தொடங்கும் துண்டுகள் ஐந்து. இரண்டாம் எண்ணில் தொடங்குவன நான்கு. இவ்வாறே குறைந்து மொத்தம் 15 ஆகும். இவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் எண்கள் ஒரு லட்சமாயின், துண்டுகள் 500 கோடியே 50 ஆயிரம்! விரைந்து இயங்கும் கணிப்பொறிக்கும் இது வீண் சுமையன்றோ?

வீட்டு மின்சார மீட்டரை நினைத்துப் பாருங்கள். இரு மாதச் செலவை அறிய அன்றாடச் செலவை எவரும் கூட்டுவதில்லை. இன்றைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழிக்கிறோம். அதுபோலவே, 0-வில் தொடங்கி எண்களைக் கூட்டிக்கொண்டே வந்தால் 0, 1, 3, 6, 3, 6 என்னும் தொகைகள் கிடைக்கும். ஒரு துண்டின் மதிப்பு, அது முடியுமிடத்துத் தொகைக்கும் அது தொடங்குமுன் இருந்த தொகைக்கும் உள்ள வேறுபாடேயாம். ஆகவே, ஒவ்வொரு தொகையை அடையும்போதும், அதனினும் 3 குறைந்த தொகை முன்னர் எத்தனை முறை வந்துள்ளது என்று கேட்டால் போதும். 1-க்கு உரிய −2 வரவேயில்லை. 3-க்கு உரிய 0 ஒரு முறை. 6-க்கு உரிய 3 ஒரு முறை. மீண்டும் 3-க்கு 0 ஒரு முறை. இறுதி 6-க்கு 3 இரு முறை. ஆக, விடை 5. வந்த தொகைகளைப் பட்டியலிட்டுக்கொண்டே சென்றால், ஒரு லட்சம் எண்களையும் ஒரே முறை கடந்து விடை காணலாம். தொடக்கத்து 0-வைப் பட்டியலில் சேர்க்க மறந்தாலோ, முதல் எண்ணில் தொடங்கும் துண்டுகள் விடுபட்டு, விடை 3 எனப் பிழைபடும்.

நகரும் சாளரம் என்று வேறொரு முறையும் உண்டு. தொகை குறைந்தால் துண்டின் வலப்புறத்தை நீட்டுவது, மிகுந்தால் இடப்புறத்தைச் சுருக்குவது என்பது அதன் வழி. எண்கள் யாவும் 0-வைவிடப் பெரியனவாக இருப்பின் அது மிகச் சிறந்த முறையே. நீட்டினால் தொகை கூடும், சுருக்கினால் குறையும் என்பதே அதற்கு ஆதாரம். நம் வரிசையிலுள்ள −3 அவ்வாதாரத்தைத் தகர்த்துவிடுகிறது. 1, 2, 3, −3 என்னும் துண்டு அம்முறைக்கு அகப்படுவதில்லை. கணிப்பொறியோ எவ்விதக் குறையும் கூறாமல் தவறான விடையை அச்சிட்டுவிடும்!

பல்லாண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் உங்களை ஒன்று வேண்டுகிறேன். ஒரு முறையை மனப்பாடம் செய்யுமுன், அது எந்த நிபந்தனையின்மேல் நிற்கிறது என்று கேளுங்கள். கேட்ட பின்னர், ஐந்தாறு எண்களைக் கொண்டு கையாலேயே சோதித்துப் பாருங்கள். அதன் பின்னரே லட்சம் எண்களைக் கணிப்பொறியிடம் ஒப்படையுங்கள்.