பிறப்பா? மலர்ச்சியா?



மறுமலர்ச்சி என்று மேடையிலே முழங்குகிறோம், ஏட்டிலே தீட்டுகிறோம். அந்தக் கருத்துக்குத் தாய்வீடு எது, தந்தை யார் என்று கேட்டதுண்டா?

இத்தாலியிலே ஜியார்ஜியோ வசாரி என்றொரு ஓவியர். கலைஞர்களின் வரலாற்றை 1550இல் நூலாக்கினார். ரோமாபுரி வீழ்ந்தபின் நலிந்துபோன ஓவியமும் சிற்பமும், ஜியாட்டோ போன்றாரின் கைபட்டு உயிர்பெற்றதைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'ரினாஷிதா'. மீண்டும் பிறத்தல் என்பது பொருள். ஞானஸ்நானம் பெற்றவன் மீண்டும் பிறக்கிறான் என்று மாதாகோயிலிலே ஒலித்த கருத்தைத் தூரிகைக்காரர் தம் தொழிலுக்குச் சூட்டிவிட்டார்!

பிள்ளை பிறந்தது இத்தாலியில். பேர் பெற்றது பிரான்சில். 'ரெனசான்ஸ்' என்பதை ஒரு காலத்துக்கே பெயராக்கி, 1855இல் தம் பிரெஞ்சு வரலாற்றின் ஏழாம் தொகுதிக்குத் தலைப்பாக இட்டவர் ழூல் மிஷெலே. சீமான் வீட்டுச் செல்வரல்லர், அச்சுக்கூடக்காரரின் மகன். சிறுவயதிலே எழுத்துக் கோத்த விரல்கள் அவருடையவை! லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தபின், விசுவாசப் பிரமாணம் எடு என்றனர். மறுத்தார். கல்லூரிப் பதவி முன்பே பறிபோயிருந்தது; ஆவணக் காப்பகப் பதவியும் 1852இல் போயிற்று. வருவாய் போயிற்று, வாய் போகவில்லை! அந்த வறுமைக்குப் பின் வந்ததுதான் அந்தத் தொகுதி.

இடைக்காலம் முழுதும் இருள் என்று அவர் தீர்ப்பளித்தது மிகைதான். சார்த்ர் பேராலயத்தை எழுப்பிய கைகளுமா இருட்டிலே தடவின? 1860இல் பாசெல் நகரத்துப் புர்க்ஹார்ட் எழுதிய நூல், அந்தப் பெயரை உலகெங்கும் ஊன்றிவிட்டது.

நம் தமிழோ பிறப்பு என்னாமல் மலர்ச்சி என்றது. மறுபிறப்பு என்றால் முன்வினையும் அடுத்த ஜென்மமுமல்லவா நம் செவியிலே ஒலிக்கும்! செத்தபின் கிடைப்பது அது. மலர்வதற்கோ வேர் உயிரோடிருந்தால் போதும்.

வேர் எது? பழைய ஏடுகள். அவற்றைக் கற்றவர் சாதித்ததிலே ஒன்று கேளுங்கள். மேற்கு ரோமானிய நிலமெல்லாம் போப்பாண்டவருக்கே என்று 4ஆம் நூற்றாண்டிலே கான்ஸ்டன்டைன் மன்னன் எழுதித் தந்ததாக ஒரு சாசனம். அதைக் காட்டி ஆட்சியுரிமை கோரினர். 1440இல் லோரென்சோ வல்லா அதைக் கையிலெடுத்தார். வாளல்ல, இலக்கணமே அவருக்கு ஆயுதம். ரோமாபுரிப் பெருமக்களைச் 'சத்ராப்' என்கிறதே சாசனம், அது பாரசீக ஆளுநர் பட்டமாயிற்றே! லத்தீன் நடையும் அந்நாளைய நடையல்லவே! என்று சொல்லுக்குச் சொல் துருவினார். சாயம் வெளுத்தது. அது 8ஆம் நூற்றாண்டை ஒட்டிப் புனையப்பட்டது என்பதே இன்று ஆய்வாளர் முடிவு. அவருக்குப் புகலளித்த நேப்பிள்ஸ் மன்னன் அல்ஃபோன்சோவுக்கு அப்போது போப்பாண்டவரோடு பகை, அதையும் மறைப்பானேன்?

எழுதிய வல்லா 1457இல் மறைந்தார். ஏடு மறையவில்லை. ஜெர்மனியிலே உல்ரிக் ஃபான் ஹுட்டன் என்ற கவிஞர் அதை அச்சேற்றினார். 1520இல் அதைப் படித்துக் கொதித்தெழுந்தவர்களிலே ஒருவர் மார்ட்டின் லூதர்.