சிப்பிக்காரருக்கு ஒரு நாற்காலி



எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். முன்னால் பேசிய மூன்று பேரும் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டார்கள். பரவாயில்லை, நண்பர்கள்தான். மிச்சத்தை நான் சாப்பிடுகிறேன்; அதற்குப் பிறகு அவைத்தலைவர் மணி அடித்தால் எனக்குக் காது கேட்காது. (சிரிப்பு)

தலைப்பு என்ன? நோட்டீஸில் ‘நிலைத்த சுற்றுலாவும் இயற்கையும்’ என்று போட்டிருக்கிறார்கள். விழிஞ்ஞத்தில் நின்றுகொண்டு இதைப் பேசச் சொன்னால் நான் சுற்றுலாவிலிருந்து தொடங்க மாட்டேன். இந்த ஊரைத் தேடி வந்தவர்கள் யார் யார் என்றுதான் தொடங்குவேன். ஆய் மன்னர்கள் கோட்டை கட்டிய ஊர் ஐயா இது! பாண்டியன் நெடுஞ்சடையன் வந்தான், கோட்டையை அடித்தான், செப்பேட்டில் பெருமையாக எழுதிவைத்தான். சோழன் வந்தான், பிடித்தான், ராஜேந்திர சோழப்பட்டினம் என்று பெயரையே மாற்றினான். கலிங்கத்துப்பரணி பாடிய ஜெயங்கொண்டார்கூட விழிஞ்ஞத்தை விடவில்லை. ஆயிரத்து இருநூறு வருடமாக வந்தவன் எல்லாம் இந்த ஊரைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறான். ‘இங்கே இருக்கிறவன் எப்படிப் பிழைக்கிறான்’ என்று கேட்க எவனாவது வந்தானா? (கைதட்டல்)

அந்தக் காலத்து மிச்சம் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு பாறைக் குடைவரை. எட்டாம் நூற்றாண்டு. வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் கோவளம் கடற்கரைக்கு வருகிற ஆயிரம் பேரில் பத்துப் பேர் அங்கே போனால் அதிகம். போகாதவரைக்கும் நல்லது என்று வீணைக்காரரே நினைப்பார் போலிருக்கிறது!

சரி, கோவளத்துக்கு வருவோம். 2021-ல் ‘கோவளத்துக்கு நீலக்கொடி’ என்று செய்தி வந்தது. சுத்தமான கடற்கரைக்கு உலக அளவில் கொடுக்கிற சான்று. என் நண்பர் ஒருவர் இங்கே ஹோட்டல் நடத்துகிறார், உடனே லட்டு வாங்கிவிட்டார். கைதட்டாதீர்கள்! அது இந்தக் கோவளம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம்! நண்பர் லட்டை எங்களுக்குக் கொடுத்தார், சாப்பிட்டோம், கொடி மட்டும் வரவில்லை. (சிரிப்பு)

இந்தக் கோவளம் ஒன்றும் சாதாரணக் கடற்கரை இல்லை. 1930-களில் திருவாங்கூர் மகாராணிக்குக் கடலோர மாளிகை எழுந்த இடம். எழுபதுகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தோளில் பையோடு வந்து, மீனவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, கப்பையும் மீனும் தின்றுவிட்டுப் போன இடம். அதே காலத்தில் சார்லஸ் கொரியா இங்கே ஒரு ஹோட்டல் வரைந்தார். குன்றை வெட்டித் தரைமட்டமாக்காமல், குன்றின் சரிவோடு சரிவாக அறைகளை இறக்கினார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டிடக் கலைஞருக்கு இருந்த மரியாதை, இன்றைக்கு ஜே.சி.பி. வைத்திருக்கிறவருக்கு இருக்கிறதா?

1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை விதி வந்தது. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு. ஊர்ப்புறக் கரைகளில் 200 மீட்டருக்கு ஒன்றும் கட்டக்கூடாது. 2019-ல் என்ன செய்தார்கள்? ஜனநெருக்கம் உள்ள ஊர்ப்புறக் கரைகளில் அந்த 200-ஐ 50 ஆக்கிவிட்டார்கள். கடல் 150 மீட்டர் பின்னால் போய்விட்டதா? கடல் முன்னால் அல்லவா வந்துகொண்டிருக்கிறது!

இந்த இடத்தில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கூச்சப்பட்டுக் கிளம்பிவிடுவார். விழிஞ்ஞத்துச் சிப்பிக்காரர். இடுப்பில் ஒரு வலைப் பை, கையில் ஒரு உளி, முகத்தில் ஒரு கண்ணாடி. மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும் நாலைந்து பாகம் கீழே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு வருவார். பழுப்புச் சிப்பி. கொல்லத்திலிருந்து குமரி வரைக்கும் இந்தக் கரைதான் அதற்கு முக்கியமான வீடு. கோவளத்தில் தட்டில் எலுமிச்சைத் துண்டோடு வருகிறதே, அது இவர் மூச்சு ஐயா!

இவருக்குக் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு, அதாவது பார், எல்லாம் பெயரோடு தெரியும். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘கணியம் அண்ணாச்சி’ என்றார். கரையில் ஒரு சர்ச் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை முகடு, இரண்டும் ஒரே நேராக வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு தென்னை, ஒரு கலங்கரை விளக்கம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் குதித்தால் காலுக்குக் கீழே பார். ஜி.பி.எஸ். கம்பெனிக்காரன் பிறப்பதற்கு முன்னாலேயே இது இருக்கிறது! ‘இப்பவும் கணியம் பார்க்கிறீர்களா?’ என்றேன். சொல்கிறார்: ‘கோபுரத்தை ஹோட்டலு மறைச்சாச்சு. மலையைக் கட்டிடம் மறைச்சாச்சு. இப்ப துறைமுகத்துக்க கிரேனைத்தான் கணியம் வச்சிருக்கேன்.’ (நீண்ட கைதட்டல்)

இந்தக் கைதட்டு அவருக்குப் போக வேண்டியது. எனக்கு வேண்டாம்.

அந்தக் கிரேன் 2023 அக்டோபரில் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் சான் ஃபெர்னாண்டோ. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் வந்து விழிஞ்ஞம் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையாகவே பதினெட்டு இருபது மீட்டர் ஆழம், சர்வதேசக் கப்பல் பாதை எட்டிப் பார்க்கிற தூரம். பெருமைதான். நான் துறைமுகத்துக்கு எதிரி இல்லை. எழுதுகிற நிருபர் தம்பி, இதையும் எழுதிக்கொள். ஆனால் 2022-ல் துறைமுக வாசலில் ஜனங்கள் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களும் எதிரிகள் இல்லை. ‘எங்கள் கரையைக் கடல் தின்கிறது, ஏன் என்று கண்டுபிடியுங்கள்’ என்றார்கள். துறைமுகத்தால் பெரிய பாதிப்பு இல்லை என்கிறது அரசாங்க அறிக்கை. கரையில் நிற்கிறவர் இல்லை என்று தலையாட்டுகிறார். வலியதுறையில் வீடு இழந்த குடும்பங்கள் சிமெண்ட் கிடங்குக்குள் துணியைக் கட்டித் தடுத்து வருடக்கணக்கில் வாழ்ந்தார்களே, அவர்களிடம் எந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பது? சங்குமுகத்தில் மழைக்காலம் மணலை எடுக்கும், பிறகு திருப்பிப் போடும். இது காலங்காலமான கொடுக்கல் வாங்கல். இப்போது எடுக்கிறது, திருப்பிப் போடுவதில் கணக்குக் குறைகிறது.

கரை இல்லை என்றால் கரைமடி வலை இல்லை. முப்பது நாற்பது பேர் இரண்டு வரிசையாக நின்று கயிறு இழுக்க வேண்டும், பாட்டோடு இழுக்க வேண்டும். கோவளத்தில் அதைப் பார்க்கிற சுற்றுலாக்காரரும் ஓடிவந்து ஒரு கை கொடுப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார், நாலு சாளையை வாங்கிக்கொண்டு போவார். விளம்பரப் படத்திலும் அந்தக் கரைமடிதான் வருகிறது. விளம்பரத்தில் கரைமடிக்காரர் தோள் வேண்டும், திட்டத்தில் அவர் குரல் வேண்டாம்!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. போன மாதம் இன்னொரு மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்கு விளம்பரம். ‘சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் ஏ.சி. அறையிலிருந்து வருகிறார்கள்’ என்றாராம். ஐயா, நான் களியக்காவிளை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன்! நீங்கள் எந்தக் காரில் வந்தீர்கள், அதற்கு யார் டீசல் போட்டார்கள், நான் கேட்டேனா? ‘வளர்ச்சி என்றால் கொஞ்சம் மண் போகத்தான் செய்யும்’ என்றாராம். யார் வீட்டு மண் ஐயா போகிறது? உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சட்டி மண் எடுத்தால் போலீஸைக் கூப்பிடுவீர்கள்! (கைதட்டல், விசில்) விசில் வேண்டாம் தம்பி, இது இலக்கியக் கூட்டம்.

மண்ணைச் சொன்னதும் கல் ஞாபகம் வருகிறது. இதை விட்டுவிட்டுப் போனால் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவர், ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அந்தக் கல் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? எங்கள் குமரிமலையும் நெல்லை மலையும் உடைந்து இங்கே கடலுக்குள் கிடக்கிறது. இரவும் பகலும் டாரஸ் லாரி. மார்த்தாண்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை சாலையைக் கடக்க அரை மணி நேரம் நிற்கிறது. கல் கொண்டுபோகப் பாஸ் இருக்கிறது என்கிறார்கள். தாளில் ஒரு கணக்கு, லாரியில் ஒரு கணக்கு என்று ஊரில் சொல்கிறார்கள். குமரியில் மலை குறைந்தால் மழை குறையும். மழை குறைந்தால் அருவி ஏது, அணை ஏது? அப்புறம் திற்பரப்புக்குச் சுற்றுலா வருகிறவர் பாறையில் சோப்புப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு ஊரின் மலையை எடுத்து இன்னொரு ஊரின் கடலில் போட்டால், இரண்டு ஊரிலும் இயற்கை போகிறது. 1956-ல் எல்லை பிரித்தது நமக்குத்தான். மலைக்கும் கடலுக்கும் யார் எல்லை பிரித்தார்கள்?

2025 மே மாதம் அந்தக் கடல் நமக்கு ஒரு பாடம் அனுப்பியது. எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல். இதே விழிஞ்ஞத்திலிருந்து கிளம்பி, கொச்சிக்குப் போகிற வழியில் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. 640 கண்டெய்னர். ஆளெல்லாம் பிழைத்தார்கள், அது பெரிய ஆறுதல். ஆனால் கரையில் என்ன ஒதுங்கியது? வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணி. உளுந்தம்பருப்பு அளவு. மூட்டை மூட்டையாக. இந்த மாவட்டத்துக் கரையெல்லாம் வந்தது, குமரிக் கரைக்கும் வந்தது, தனுஷ்கோடி வரைக்கும் போனது. பிள்ளைகள் மணலில் குத்தவைத்துச் சல்லடையில் சலித்தார்கள். ஒரு வீச்சு மணலுக்கு ஒரு பிடி மணி. சலித்து முடித்து நிமிர்ந்தால் அடுத்த அலை இன்னொரு பிடியைப் போட்டுவிட்டுப் போகும். மீனுக்கு அது முட்டை மாதிரி தெரியும், விழுங்கிவிடும். அந்த மீனைத்தான் ஹோட்டலில் ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று பலகையில் எழுதுகிறோம். கேரள அரசு ஒன்பதாயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனது. கேட்கட்டும், வாங்கட்டும். கடலுக்கு அடியில் கிடக்கிற மணியை எந்தக் கோடி பொறுக்கும்?

கீழே நடப்பதைப் பார்க்கிற ஆள் நம் சிப்பிக்காரர். ‘பாருமேல சேறு படியுது அண்ணாச்சி, சிப்பி பிடிக்க மாட்டேங்குது’ என்றார். இன்னொரு பக்கம் பொழியூரிலிருந்து வர்க்கலை வரைக்கும் 42 ஊருக்கு நேரே 6,300 கான்கிரீட் செயற்கைப் பாரை அரசு கடலில் இறக்கியிருக்கிறது. நல்ல காரியம்தான், மீன் சேரும், நான் வரவேற்கிறேன். ஆனால் கடவுள் போட்ட பாரைச் சேறு மூடும்போது காண்ட்ராக்டர் போட்ட பாருக்கு ரிப்பன் வெட்டினால், எனக்குச் சிரிப்பு வருகிறது.

எல்லாம் குறையாகவே சொல்கிறேன் என்று அவைத்தலைவர் முகம் சொல்கிறது. நல்லதும் உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கோவளத்தில் குப்பை மலையானபோது எரிக்கிற உலை வைக்கப் பார்த்தார்கள். ‘தணல்’ என்ற அமைப்பினர் குறுக்கே நின்றார்கள். சும்மா நிற்கவில்லை. உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிச் சிரட்டையிலும் காகிதத்திலும் துணியிலும் பொருள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சிரட்டைக் கரண்டி என் வீட்டில் இன்னும் சாம்பாரில் நீந்துகிறது. 2008 வாக்கில் பொறுப்புச் சுற்றுலா என்று அரசு நாலு இடத்தில் தொடங்கியது: கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு. குமரகத்தில் ஹோட்டல்காரர்கள் உள்ளூர் குடும்பஸ்ரீ பெண்களிடம் காயும் கீரையும் வாங்கினார்கள், ஐ.நா. விருது வரைக்கும் போனது. கோவளம் ஏன் பின்தங்கியது? அதே அரசாங்கம், அதே திட்டம்! அங்கே விளைவிக்கிறவரைக் கூப்பிட்டு விலை பேசினார்கள். இங்கே சிப்பிக்காரரைக் காவலாளி விரட்டினார்.

ஆமாம், விரட்டினார். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பெரிய விடுதி, பெயர் வேண்டாம். சிப்பிக்காரர் கடலிலிருந்து ஏறி, பையோடு மணலில் நடந்து வருகிறார். சீருடைக்காரத் தம்பி ஓடிவந்து, ‘இது பிரைவேட் பீச்’ என்கிறார். சிப்பிக்காரர் பையைக் கீழே வைத்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ‘மக்கா, நான் ரோட்டுலேர்ந்து வரல்ல. கடல்லேர்ந்து வாறேன். கடலுக்கு எந்தப் பக்கம் கேட்டு?’ என்றார்! (சிரிப்பு, கைதட்டல்) இந்த நாட்டில் பிரைவேட் பீச் என்று ஒன்று கிடையாது ஐயா. கடற்கரை பொதுச் சொத்து. அந்தத் தம்பி மேல் தப்பில்லை, சம்பளத்துக்குச் சொல்கிறார். அந்த வாக்கியத்தை அவருக்கு எழுதிக்கொடுத்தவரைத்தான் நான் தேடுகிறேன்.

வருகிற கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்பீர்கள். தாய்லாந்தில் மாயா பே என்று ஒரு குடாக்கடல். ஒரு ஹாலிவுட் படம் ஓடியது, நாளைக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள், பவளம் செத்தது. 2018-ல் இழுத்து மூடினார்கள். மூன்றரை வருடம் மூடிவைத்தார்கள். குட்டிச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022-ல் எண்ணிக்கை வைத்துத் திறந்தார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-லிருந்து இ-பாஸ். நீதிமன்றம் சொல்லித்தான் செய்தோம், இருந்தாலும் செய்தோம். அப்படியானால் எண்ணிக்கை வைக்க முடியும், மூட முடியும், திறக்க முடியும். மனசு வேண்டும், கீழே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கடலைப் பார்க்க வருகிறவருக்காகக் கோடி கோடியாய்ச் செலவழிக்கிறோம். கடலைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நாற்காலி போட மாட்டோமா?

சீட்டு வந்துவிட்டது. ‘முடிக்கவும்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு. முடிக்கிறேன். ஒரே ஒரு தீர்மானம், நீங்கள் கை தூக்க வேண்டும். கோவளம், விழிஞ்ஞம் கரையில் இனி எந்தச் சுற்றுலாத் திட்டம் வந்தாலும், அதைப் பேசுகிற குழுவில் ஒரு சிப்பிக்காரரும் ஒரு கரைமடிக்காரரும் உறுப்பினராக இருக்க வேண்டும், படிச் செலவோடு. பார்வையாளராக இல்லை, ஓட்டு உள்ள உறுப்பினராக. ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள். மேடையிலும் தூக்கலாம், வலிக்காது. எதிர்க்கிறவர்கள்? யாரும் இல்லை. செயலாளர் எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்கே கலெக்டருக்கும் சுற்றுலாத் துறைக்கும் போக வேண்டும். களியக்காவிளை பஸ் பிடிக்கிறவர்கள் இப்போதே கிளம்புங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் டாரஸ் லாரி வரிசை கட்டிவிடும், அப்புறம் பாறசாலையைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும்.