வயிற்றுப் பிள்ளையும் இராகு காலமும்
(மாதர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



கர்ப்பிணிப் பெண்ணொருத்தி, "நேற்று முதல் பிள்ளை அசைவது குறைந்திருக்கிறது" என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "இராகு காலம் கழியட்டும், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வை" என்கிறார்கள். பிள்ளை இறந்து பிறந்தாலோ தலைவிதி என்கிறார்கள். அல்லது அந்தப் பெண்ணையே ராசியற்றவள் என்கிறார்கள். நான் கேட்கிறேன், பிள்ளையின் இருதயம் பஞ்சாங்கம் பார்த்தா துடிக்கிறது?

1818-ம் வருஷத்தில் ஜினீவா நகரத்து மேயோர் என்ற வைத்தியர் கர்ப்பிணியின் வயிற்றில் காதை வைத்து அத்துடிப்பைக் கேட்டார். 1821-ல் பாரிஸில் கெர்காரதெக் என்பவர், வயிற்றுக்குள் நீர் சலசலக்கிறதா என்று குழல் வைத்துப் பார்க்கப் போய், அத்துடிப்பையே கேட்டார். இவர்களுக்கு ஞானதிருஷ்டி இல்லை. காதும் புத்தியும் இருந்தன.

அத்துடிப்பு சாதாரணமாக நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். அதற்குக் கீழோ மேலோ போய் அப்படியே நின்றால் உடனே காரணம் தேட வேண்டும். பிரசவ வேதனையில் கருப்பை இறுகும்போதெல்லாம் பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஆகையால்தான், ஆரோக்கியமான பெண்ணுக்கு 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவையும், முக்கும் சமயத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் துடிப்பைக் கேட்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. இதற்கு ஒரு குழலோ, கையடக்கமான டாப்ளர் கருவியோ போதும்.

மற்றொரு விஷயம். சாமியை விட்டுவிட்டு யந்திரத்தைச் சாமியாக்கிக் கொள்ளாதீர்கள். துடிப்பை ஓயாமல் காகிதத்தில் கோடாக எழுதும் யந்திரம் ஆபத்துள்ள கர்ப்பத்துக்கு உதவும். ஆனால் எல்லோருக்கும் அதை மாட்டிப் பார்த்த ஆராய்ச்சிகளில், பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வருவது குறைந்ததே தவிர, மரணம் குறைந்ததாக ருசுவாகவில்லை. வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுப்பதோ அதிகமாயிற்று. ஆகவே யந்திரத்தையும் "எதற்கு?" என்று கேட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களே! அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றைக்கே, அந்த வேளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆண் தோழர்களே! அவள் சொன்னவுடன் பஞ்சாங்கத்தைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்.

நான் சொல்லுவதாலேயே நம்ப வேண்டியதில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் அத்துடிப்பை நீங்களே கேட்டுப் பாருங்கள். இராகு காலத்தில் அது நிற்கிறதா, குளிகையில் வேகமாகிறதா என்று யோசித்துப் பார்த்து, பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டபடி நடவுங்கள்.