திரையில் வரும் கண் டாக்டர்

1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சிற்றூர்களில் பார்வை மையங்கள் உண்டு. அங்கே டாக்டர் நேரில் இருக்க மாட்டார். பயப்படாதீர்கள்! பயிற்சி பெற்ற பெண்தான் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார். சோதனைக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்பார். அப்புறம் கண்ணைச் சோதிக்கும் கருவியின் தாங்கியில் முகவாயை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் கூசும். கண் அழுத்தமும் பார்ப்பார்கள். விவரமெல்லாம் கணினி வழியே போக, மருத்துவமனையிலிருந்து டாக்டர் வீடியோவில் பேசுவார். சர்க்கரை, பிரஷர் மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். புரைக்கு ஆபரேஷன் என்றால் பஸ் ஏற வேண்டியதுதான். அதை வீடியோவில் செய்ய முடியாதே! திடீரென்று பார்வை போனாலோ, கண்ணில் அடிபட்டாலோ, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.