தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்; பிள்ளையின் தட்டையும் மறவாதீர்

 



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தம் ஒன்பது மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி என்னிடம் வந்தார். ஓதி ஊதும்படி கேட்டார். குழந்தையின் உதடும் உள்ளங்கையும் வெளிறியிருந்தன. "ஹஜ்ரத்! நாளை தட்டம்மை ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை மெலிந்து கிடக்கிறான். கொஞ்சம் தேறட்டும், பிறகு போடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்றார். நானும் யோசிக்காமல், "பெரியவர்கள் சொல்வதுபோல் தேறட்டுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் சென்றது. அதே குழந்தை தட்டம்மை கண்டு, மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் கிடப்பதைப் போய்ப் பார்த்தேன். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டான். ஆயினும் அந்தத் தந்தை என்னை நோக்கிய பார்வை இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அறியாதவற்றை அறிந்தோரிடம் கேளுங்கள் என்று மிம்பரில் நின்று எத்தனையோ ஜும்ஆக்களில் உரைத்தவன், தான் அறியாத ஒன்றைக் கேளாமலேயே பதில் சொல்லிவிட்டேன். அன்றிரவே நம் ஜமாஅத்தின் மருத்துவச் சகோதரர் ஒருவரை நாடிச் சென்று கேட்டேன். அவரிடம் கற்றதையும், பின்னர் தேடிப் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைப்பது என் மீதுள்ள கடன்.

பசித்த மாணவனும் பாடமும்

அருமைச் சகோதரர்களே! தடுப்பூசி என்பது நோயைக் கொல்லும் மருந்தன்று. அது ஒரு பாடம். பலவீனப்படுத்தப்பட்ட கிருமியையோ அதன் ஒரு பகுதியையோ உடலுக்குக் காட்டி, "இவன் உன் பகைவன், அடையாளம் கண்டுகொள்" என்று கற்பிக்கிறது. அதைக் கற்றுக்கொள்பவை இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள். கற்றவுடன் அவை சில நாட்களில் பன்மடங்காகப் பெருகி, எதிர்ப்புப் பொருளை உண்டாக்க வேண்டும். அவ்வாறு பெருகும் ஒவ்வோர் அணுவுக்கும் இரும்புச் சத்து தேவை. வைட்டமின் ஏ, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் தேவை.

மத்ரஸாவில் ஓதிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காலை உணவின்றி வந்த பிள்ளைக்கும் அதே உஸ்தாத்தான், அதே பாடம்தான். அவனும் ஓதுகிறான், ஆனால் மறுநாள் கேட்டால் பாதிதான் நினைவில் நிற்கிறது. குறை பாடத்திலும் இல்லை, உஸ்தாத்திடமும் இல்லை. பசித்த வயிற்றில் இருக்கிறது.

கென்யாவின் கடற்கரையில் கண்ட உண்மை

இது வெறும் உவமையன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில், நம் முஸ்லிம் சகோதரர்கள் பெருமளவில் வாழும் கென்யாவின் தென் கடற்கரைப் பகுதியில் இதனை ஆய்ந்து 2020ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பிறந்தது முதல் பதினெட்டு மாதம் வரை குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவ்வாறு 303 குழந்தைகள் கவனிக்கப்பட்டார்கள். ஊசி போட்ட நாளில் இரத்தசோகையோடும் இரும்புக் குறைவோடும் இருந்த குழந்தைகளிடம், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமி ஆகியவற்றுக்கு எதிரான ஆற்றல் குறைவாகவே உண்டாகியிருந்தது.

அதே பகுதியில் வேறொரு சோதனையும் நடந்தது. ஏழரை மாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் இரும்பு கலந்த சத்துப் பொடியையும், மற்றதற்கு இரும்பு இல்லாத பொடியையும் நான்கு மாதம் கொடுத்தார்கள். இரு பிரிவுக்கும் ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போடப்பட்டது. பதினொன்றரை மாத வயதில் 127 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, இரும்பு பெற்றவர்களிடம் தட்டம்மைக்கு எதிரான ஆற்றல் கூடுதலாக இருந்தது.

இந்தோனேசியாவிலும், வைட்டமின் ஏ குறைவால் கண் பாதிக்கப்படத் தொடங்கிய பிள்ளைகளிடம் ரணஜன்னி ஊசியின் பலன் குறைந்திருப்பதையும், இரு வாரம் முன்னதாக அச்சத்தைக் கொடுத்தபோது பலன் கூடியதையும் 1992இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தச் சத்தைக் கொடுத்தாலும் எந்தத் தடுப்பு மருந்தும் பலன் கூடும் என்பதில்லை. நம் வேலூரில், ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தோடு துத்தநாகம் கொடுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது பெரிய மாற்றம் காணப்படவில்லை. எனவே விளம்பரத்தைக் கண்டு டானிக் புட்டிகளை வாங்கி அடுக்காதீர்கள். இரும்பு மருந்து அளவு மீறினால் சிறு குழந்தைக்கு நஞ்சாகவும் ஆகும்.

தேறிய பிறகு போடலாமா?

இப்போது என்னிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். மெலிந்த பிள்ளைக்குப் பலன் குறையலாம் என்றால், ஊசியைத் தள்ளிப் போடலாம் அல்லவா என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். இங்கேதான் நான் தவறினேன். பலன் குறைவு என்பது வேறு, பலனே இல்லை என்பது வேறு. சத்துக் குறைந்த பிள்ளையைத்தான் தட்டம்மை கொடுமையாகத் தாக்குகிறது. கேடயம் மெல்லியதாக இருக்கிறது என்பதற்காக அதனைக் கீழே போட்டுவிட்டுப் போர்க்களம் செல்பவர் உண்டா? மெலிவு ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. கடும் காய்ச்சல் போன்றவை இருந்தால் மருத்துவர் சொல்லட்டும். நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை அறிவீர்கள். இங்கே கட்டும் கயிறு இரண்டு இழை கொண்டது. ஓர் இழை ஊசி. மற்றோர் இழை உணவு. ஒன்றை விட்டு மற்றொன்று போதாது.

தாயிடமிருந்து தொடங்குகிறது

குழந்தைக்குத் தேவையான இரும்பின் பெரும்பங்கு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்தே சேர்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இருந்தது. ஆகவே கணவன்மார்களே! மாமியார்களே! கர்ப்பிணி இரும்பு மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறாரா, எல்லோரும் உண்டது போக மிஞ்சியதைத்தான் அவர் உண்கிறாரா என்று இன்றே கவனியுங்கள்.

பிறந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். திருமறை இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது (2:233), அதனைக் குறைக்காதீர்கள். ஆனால் ஆறு மாதத்திற்குப் பின் பாலோடு உணவும் வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியும், தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பும், இரத்தத்தை நிரப்பா. தேநீரோ உணவிலுள்ள இரும்பையும் உடலில் சேரவிடாது. மசித்த பருப்பு, முட்டை, மீன், நன்கு வேகவைத்த ஈரல் சிறிதளவு, முருங்கைக்கீரை, பப்பாளி ஆகியவற்றை வயதுக்கேற்பக் கொடுங்கள். கீரையோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

ஆறு, பத்து, பதினான்காம் வார ஊசிகளையும், ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியையும், பதினாறாம் மாதத்திற்குப் பிந்திய அடுத்த தவணையையும் நாள் தவறாமல் போடுங்கள். ஒன்பதாம் மாத ஊசியோடு தரும் வைட்டமின் ஏ திரவத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கான இரும்புச் சத்து மருந்தைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். குழந்தை மண் தின்றாலும், கண்ணின் கீழிமையும் உள்ளங்கையும் வெளிறியிருந்தாலும் ஓதிப் பார்க்க வாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து வருகிறது. மருந்தைப் படைத்தவனும் அவனே.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அந்த அமானிதத்தைப் பற்றிக் கேட்கப்படும் நாளில், "தேறட்டும் என்று இருந்துவிட்டேன்" என்று சொல்லும் நிலை எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் மக்களை நோயினின்றும் காத்து, அவர்களுக்குரிய கடமைகளைக் காலத்தில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.