கைகளை அவர் கவனித்தார், கண்களை அம்மையார் கவனித்தார்
டாக்டர் பால் பிராண்ட் நினைவாக

(மருத்துவ ஊழியத்தைத் தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஒரு மருத்துவரை நினைவுகூரும்போது அவருடைய துணைவியாரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். டாக்டர் பால் பிராண்ட் அவர்களைப் பற்றிப் பேசுகையில் அப்படிச் செய்ய இயலாது. 2003 ஜூலை 8 அன்று, 88 வயதில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அவரும் டாக்டர் மார்கரெட் அம்மையாரும் இணைந்து வாழ்ந்த ஆண்டுகள் 60. லண்டனில் ஒன்றாக மருத்துவம் படித்து, 1943-இல் திருமணம் செய்துகொண்டவர்கள் அவர்கள்.

பிராண்ட் நம் கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1929-இல் தகப்பனார் ஜெஸ்ஸி கொல்லிமலையில் காய்ச்சலால் மரித்தார். மரணச் செய்தி தந்தியில் வந்த பின்னும், அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. மகன் முதலில் கற்றது கட்டட வேலையும் தச்சு வேலையும். மருத்துவம் அதற்குப் பிறகுதான். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு அம்மையார் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்து, இறுக்கும்படி சொன்னார் டாக்டர். நோயாளி இறுக்கியதில் வலி தாங்காமல் துடித்தது டாக்டர்தான்! அந்தக் கையில் வலுவுள்ள தசைகள் இன்னும் இருந்தன. அவற்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்து, மடங்கிய கைகளை விரித்துக் கொடுத்தார்.

தொழுநோயில் சதை தானே அழுகி விரல் உதிர்கிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். அது தவறு என்று அவர் கண்டார். நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. சூடு பட்டாலும், ஆணி குத்தினாலும் தெரியாமல் புண் பெருகி விரல் குறைகிறது. நோயாளிகள் உறங்கும்போது எலி விரலைக் கடித்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களோடு ஒரு பூனையும் போயிற்று! வலி என்பது தேவன் தந்த ஈவு என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார்.

கை சீரானவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். நல்ல கைக்குப் பிச்சை விழவில்லை. தொழுநோயாளி என்று வேலையும் கொடுப்பாரில்லை. அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். இளமையில் பழகிய உளி அப்போது பயன்பட்டது.

அம்மையாரின் பங்கு என்ன? கண் பிரிவில் ஆள் தேவை என்று அழைப்பு வந்தபோது, தமக்குக் கண் மருத்துவம் தெரியாதே என்றார். கற்றுக்கொள்ளலாம், திங்கட்கிழமை வாருங்கள் என்று பதில் வந்தது! மரத்துப்போன கண் சரியாக இமைப்பதில்லை. உலர்ந்து, புண்ணாகிப் பார்வை போய்விடும். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்து, மெல்லும்போது கண் மூடும்படி அவர் அறுவை செய்தார். விரலில் உணர்வில்லாதவர் பார்வையையும் இழந்தால் எதைக் கொண்டு உலகை அறிவார்? கணவர் மீட்டுக் கொடுத்த கைக்கு வழிகாட்டக் கண்ணைக் காத்தவர் மனைவி.

1966-இல் இருவரும் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று அங்கும் உழைத்தனர். சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களைக் காக்கவும் பிராண்டின் ஆராய்ச்சி உதவிற்று. அம்மையார் 2014-இல் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்.

பிரியமானவர்களே, வேலை முடிந்துவிடவில்லை. இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. கூட்டு மருந்தால் இது முற்றிலும் குணமாகும், மருந்து இலவசம். உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், தினமும் இரவில் அவருடைய பாதங்களைப் பாருங்கள். மருத்துவ ஊழியர்களுக்காக ஜெபிக்கும்போது, அவர்களோடு பாரம் சுமக்கும் கணவரையும் மனைவியையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள்.